ஆறினால் வெள்ளையாக வேண்டும்

எங்கள் வீட்டில் பால் வாங்கிவருவது என் வேலை. எனக்கு ஒத்துப்போகிற வேலை அது. பாத்திரத்தை நீட்டினால் ஊற்றுவார்கள். வாயைத் திறக்க வேண்டியதே இல்லை.

எதற்கு வந்தாய் என்று இப்போது கேட்டீர்களே, அதற்குப் பதில் அங்கிருந்துதான் தொடங்குகிறது. சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். என் அண்ணனை இதே ஸ்டேஷனில் பக்கத்து அறையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அண்ணியை மூடிய அறையில் வேலை செய்ய வைத்து, புகையில் சாகவிட்டான் என்று அவன்மேல் எழுதப்போகிறீர்கள். அந்தப் புகையைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதைச் சொல்லத்தான் யாரும் கூப்பிடாமல் நானாக வந்தேன். வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய், பிறகு மறுபடி வந்தேன். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அண்ணன் மரம் அறுக்கும் மில்லில் பிளேடு கூராக்குகிறவன். எல்லாம் வட்ட பிளேடுகள். வண்டிச் சக்கரம் அளவுக்குப் பெரியவையும் உண்டு, சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சின்னவையும் உண்டு. உடம்பு வெறும் எஃகுத் தகடு. ஒவ்வொரு பல்லின் நுனியிலும் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னத் துண்டை வேறு உலோகத்தை உருக்கி ஒட்டவைத்திருப்பார்கள். மரத்தை அறுப்பது அந்தத் துண்டுதான். கூராக்கிக் கூராக்கி அது தேய்ந்துபோனதும் பிளேடு செத்துவிட்டது என்பார்கள். செத்த பிளேடுகளை மில்லின் பின்சுவரில் சாய்த்து வைத்திருப்பார்கள். மழையில் நனைந்து, துருவேறி, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

பழைய இரும்புக்காரர்தான் அண்ணனுக்கு வழி சொல்லிக்கொடுத்தவர். அந்தச் சாம்பல் துண்டுகள் தனி, தகடு தனி. சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் இரும்பு விலைக்குத்தான் போகும், கழற்றிக் கொடுத்தால் துண்டுகளுக்கு மதிப்பே வேறு என்றார். அண்ணன் செத்த பிளேடுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தான். கழற்றிய பிறகு மிஞ்சுகிற தகட்டை வெட்டிக் கத்தி செய்தான். எங்கள் தெருவில் வெங்காயம் நறுக்குகிற கத்தி பாதிக்குமேல் ஒரு காலத்தில் மரம் அறுத்ததுதான்.

துண்டுகளைக் கழற்றுகிற வேலை அண்ணியுடையது. அண்ணன் பகலில் மில்லில் இருப்பான். தவிர, அண்ணிக்குக் கை நடுங்காது. எங்கள் பின்னறையில் ஒரு கல் மேசை போட்டு, கேஸ் டார்ச்சை வைத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்காருவாள். பல்லின் நுனியைச் சுடரில் காட்டினால் ஒட்டு பளபளவென்று உருகும். இடுக்கியால் ஒரு தட்டு. துண்டு தகரத் தட்டில் டிங் என்று விழும்.

"பல் டாக்டர் ஆயிட்டேன், பாத்தியா?" என்பாள் என்னிடம். "வலிக்காம புடுங்குவேன். வேணும்னா உங்க அண்ணனைக் கூட்டிட்டு வா."

நான் வேதியியல் படித்தவள். படித்து முடித்து வீட்டில் இருந்தேன். வேலைக்கு நேர்காணல் என்று போனால் பெயரைக் கேட்டாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு இடத்தில் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, தேறியதும் அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கத்தினான்.

"இவ்வளவு படிக்க வச்சேன். சொந்தப் பேரச் சொல்ல வரல இவளுக்கு. படிச்சுக் கிழிச்சா."

"பேரு எதுக்கு?" என்றாள் அண்ணி. "புரொபசர்னு சொல்லிட்டுப் போகட்டும். வாய் திறக்காத புரொபசருக்குத்தான் மரியாதை ஜாஸ்தி."

அன்றிலிருந்து நான் புரொபசர். அண்ணன் அந்தப் பெயரைக் கேலியாகத்தான் சொல்வான். அண்ணி சொல்லும்போது கேலி இருக்காது. மத்தியானத்தில் வேலை ஒழிந்த நேரத்தில் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, அகப்பையைப் பேனாபோல் பிடித்துக்கொண்டு என்னை நேர்காணல் செய்வாள். "ம், உங்க பேரு? இங்க பாருங்க, சுவத்துக்கா இன்டர்வியூ எடுக்கறேன்? என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க." அவளிடம் மட்டும் எனக்குப் பேச்சு வரும். அவள் சிரித்துக்கொண்டே, "ஒரு நாள் பத்துப் பேர் முன்னாடி நீ கடகடன்னு பேசுவ, நான் கடைசி வரிசையில உக்காந்து கேப்பேன்" என்பாள்.

வேலை தொடங்கிய புதிதில் ஒரு மாலை அண்ணிக்குக் குளிர் எடுத்தது. போர்வைமேல் போர்வை போட்டும் பல் கிட்டியது. வாயெல்லாம் தித்திப்பாக இருக்கிறது என்றாள். அவள் குழந்தை பயந்துபோய் அழுதது. அண்ணன் தலைகால் புரியாமல் அறைக்கும் வாசலுக்குமாக நடந்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"நீதானே படிச்சவ. என்ன இது, சொல்லு."

வீடே என்னைப் பார்த்தது. குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"துத்தநாகப் புகை," என்றேன். "ஒட்டு உருகறப்ப வர்றது. அதனால வர்ற காய்ச்சல். காலையில போயிடும்." கொஞ்சம் நிறுத்தி, "பால் குடிச்சாப் போதும்," என்றேன்.

பாலுக்கும் அந்தக் காய்ச்சலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் ஒரு மருந்தும் சொல்லாமல் விட்டால் சொன்னதற்குக் கனம் இருக்காதுபோல் தோன்றியது. மற்றபடி நான் சொன்னது சரி. காலையில் அண்ணி எழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல் வாசலைக் கூட்டினாள். கூட்டிக்கொண்டே தெருவில் போகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள்.

"எங்க வீட்டு புரொபசர் சொன்ன மாதிரியே, பால் குடிச்சேன், காலையில பறந்துபோச்சு."

அதற்குப் பிறகு எதிர்வரிசை வெல்டிங் கடைக்காரர் வந்து, தனக்கும் சில நாள் மாலையில் குளிர் எடுப்பதாகச் சொல்லி விவரம் கேட்டார். நான் கதவுக்குப் பாதி பின்னால் நின்றுகொண்டு சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பாடத்தில் சந்தேகம் கேட்க வந்தார்கள். அண்ணன்கூட யாராவது ஏதாவது கேட்டால், "இரு, அவகிட்ட கேட்டுக்கலாம்" என்று சொல்லத் தொடங்கினான். அந்த "அவகிட்ட" என்பதை நான் அடுத்த அறையிலிருந்து கேட்பேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பேன்.

பின்னறை ஜன்னலுக்கு இரண்டு கண்ணாடிக் கதவுகள். ஒன்று திறக்கும். இன்னொன்று இறுகிப்போய்த் திறக்காது. திறக்காத கதவின் கண்ணாடியில் புகை படிந்து மாவு பூசினதுபோல் ஆகிவிடும். குழந்தை அதில் விரலால் பூனை வரையும். ஒரு நாள் அண்ணியிடம் சொன்னேன்: துத்தநாகச் சாம்பல் சூடாக இருக்கும்போது மஞ்சளாக இருக்கும், ஆறினால் வெள்ளையாகிவிடும். முதல் வருடப் பாடம் அது. அண்ணிக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. பல்லின் அருகே மஞ்சளாகப் படிந்தது ஆறி வெளுப்பதைக் குனிந்து பார்ப்பாள்.

"உங்க அண்ணன் மாதிரியே இருக்கு. சூடா இருக்கறப்ப ஒரு நிறம், ஆறினா ஒரு நிறம்."

பிறகு மில்லில் பழைய கிடங்கு ஒன்றைக் காலி செய்தார்கள். முந்தைய முதலாளி காலத்துப் பிளேடுகள் அதில் அடுக்கடுக்காக இருந்தன. மொத்தத்தையும் அண்ணனே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டான். வண்டி வாசலில் வந்து நின்றது. மில் மேஸ்திரி வந்திருந்தார், பழைய இரும்புக்காரர் வந்திருந்தார், வெல்டிங் கடைக்காரரும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார். அண்ணன் உள்ளே பார்த்துக் கூப்பிட்டான்.

"புரொபசர், கொஞ்சம் வா. இது ரொம்பப் பழைய சரக்கு. இதுவும் அதே ஒட்டுதானா, பாத்துச் சொல்லு."

அவன் அந்தப் பெயரைக் கேலியில்லாமல் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் வாசலுக்கு வந்தேன். சரியாகச் சொல்ல வேண்டுமானால் ஒரு பிளேடைத் திருப்பி, துருவைச் சுரண்டி, ஒட்டைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு பல்லைச் சூடாக்கிப் பார்த்திருந்தால் இன்னும் நல்லது. அதற்கு இத்தனை ஆண்கள் முன்னால் குனிந்து உட்கார வேண்டும். எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. எப்படியாவது உள்ளே போய்விட்டால் போதும் என்றிருந்தது.

"அதேதான்," என்றேன்.

உள்ளே வந்து கதவுக்குப் பின்னால் நின்றேன். மேஸ்திரி சொல்வது கேட்டது. "பாத்தியா, ஒரு பார்வையில சொல்லிட்டா. படிப்புன்னா அதுதான்யா." அதைக் கேட்பதற்காகத்தான் நின்றேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதற்காகத்தான் நின்றேன்.

அண்ணி பழைய பிளேடுகளில் கை வைத்த மறுநாள் காலை பின்னறைக்குப் போனேன். ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்தது மாவுபோல் இல்லை. செங்கல்லைத் தேய்த்துப் பூசினதுபோல் பழுப்பாக இருந்தது. இரவு முழுக்க ஆறியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன், கண்ணாடி சில்லென்று இருந்தது. ஆறினால் வெள்ளையாக வேண்டும். ஆகவில்லை.

புத்தகத்தைப் புரட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. காட்மியம். பழைய காலத்து ஒட்டுகளில் கலப்பார்கள். சீக்கிரம் உருகும், நன்றாகப் பிடிக்கும். அதன் புகை நுரையீரலை என்ன செய்யும் என்று தேர்வில் கேட்டிருந்தால் நான் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால் ஒரு மாதிரி. அடைத்த அறையில் மொத்தமாகப் போனால் வேறு மாதிரி. போகும்போது ஒன்றும் தெரியாது. கண் எரியாது, இருமல்கூடப் பெரிதாக வராது. அதனால்தான் ஆட்கள் எழுந்து வெளியே வராமல் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள்.

சொல்லிவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். வாக்கியத்தைத் தயார் செய்தேன். "நான் அன்னைக்குச் சரியாப் பாக்கல" என்பது முதல் வாக்கியம். அதை மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன். மாலையில் எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தொடங்கினேன்.

"அண்ணி, அந்தப் பழைய பிளேடு இருக்கில்ல..."

அண்ணன் தம்ளரை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். "ஆமா, அதுக்கு என்ன?"

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்த நாளின் பார்வை எங்கே இருந்ததோ அந்த இடத்திலிருந்து அது கிளம்பி வருவதுபோல் இருந்தது.

"அது எப்ப முடியும்?" என்று கேட்டேன்.

"ஏன், புரொபசருக்கு அறை வேணுமா? பாடம் நடத்தப் போறியா?" என்றாள் அண்ணி. எல்லாரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மறுநாள் கண்ணாடியைத் துடைத்தேன். காய்ந்த துணியால் துடைத்தால் தூள் பறக்கும், அதனால் ஈரத் துணியால் துடைத்தேன். மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டேன். துடைத்த துணியைப் பையில் போட்டு இறுகக் கட்டிக் குப்பையில் போட்டேன். அண்ணி வேலைக்கு உட்காரும் முன் கண்ணாடி பளிச்சென்று இருக்கும். அதைத் தினமும் செய்தேன். வீடு சுத்தமாக இருப்பது எனக்குப் பிடிக்கும்.

குழந்தையின் படுக்கையை முன்னறைக்கு மாற்றினேன். டார்ச் சத்தத்தில் பகல் தூக்கம் கெடுகிறது என்று காரணம் சொன்னேன். அண்ணி என் கன்னத்தைக் கிள்ளி, "எனக்குத் தோணல பாரு, நீ இல்லன்னா இந்தப் பிள்ளை என்ன ஆகும்" என்றாள். அந்த வாரத்திலேயே என் துணிகளையும் முன்னறை அலமாரிக்குக் கொண்டுபோனேன். பின்னறைப் பக்கத்து அலமாரியில் இடம் போதவில்லை. பால் வாங்கப் போகிற நேரத்தையும் மாற்றினேன். அண்ணி டார்ச்சைப் பற்றவைத்ததும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். போகிற வழியில் பூங்கா ஒன்று இருக்கிறது. வேலை முடிகிறவரை அங்கே ஊஞ்சல் ஆடிவிட்டு வருவோம்.

அண்ணிக்காக நான் ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஜன்னலை எப்போதும் திறந்து வைக்கச் சொன்னேன். "வெக்கையா இருக்கு அண்ணி, காத்து வரட்டும்" என்றேன். திறந்து வைத்தாள். அந்த நாட்களில் அவளுக்குத் தொண்டை வறட்சியைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. நான் யோசித்துப் பார்த்தேன். இருப்பது ஒரு வண்டிச் சரக்கு. ஜன்னல் திறந்திருக்கிறது. சரக்கு தீர்ந்துவிட்டால் சொல்ல வேண்டிய தேவையே தீர்ந்துவிடும். கணக்காகப் பார்த்தால் அது அவ்வளவு மோசமான யோசனை இல்லை.

சரக்கு தீரவிருந்த அந்த நாளில் காலையிலிருந்தே காற்று. மாலையில் பழைய இரும்புக்காரர் வந்து துண்டுகளை எடுத்துப் போவதாக இருந்தது. மிச்சப் பிளேடுகளை அன்றே முடித்துவிட வேண்டும் என்று அண்ணி முனைப்பாக இருந்தாள். சுடர் காற்றில் சாய்ந்து சாய்ந்து அடித்தது, ஒட்டு உருக நேரம் எடுத்தது. அவள் இன்னும் பெரிய சுடராக வைத்தாள். நானும் குழந்தையும் பாலோடு திரும்பி வந்தபோது வெல்டிங் கடைக்காரர் எங்கள் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது, புகை செங்கல் நிறத்துல வருது?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார். "வெள்ளையாத்தான் இருக்கும்னு உங்க புரொபசர் சொல்லிச்சே?"

"என்னைக் கேட்டா?" என்று உள்ளிருந்து அண்ணியின் குரல் வந்தது. "இதோ வருது பாருங்க, அதையே கேளுங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் சந்து முனையில் இன்னும் யாரோ நின்றார்கள். அவர் கேட்பதற்கு முன் ஏதாவது செய்துவிட வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது.

"காத்து அடிக்குது அண்ணி, சுடர் நிக்காது," என்று சொல்லி, வெளியிலிருந்து ஜன்னல் கதவைச் சாத்தினேன்.

"அதுவும் சரிதான்," என்றாள் அவள்.

சாத்தியது நான். உள்ளே தாழ்ப்பாள் போட்டது அவள். இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். இப்போது சொல்லும்போது அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிகிறது. ஒன்றாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

வெல்டிங் கடைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். நான் உள்ளே போய்ப் பாலைக் காய்ச்சினேன்.

அண்ணி வேலையை முடித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "எல்லாப் பல்லையும் புடுங்கியாச்சு. இனிமே அந்த மில்லே பொக்கை," என்றாள். பழைய இரும்புக்காரர் வந்து துண்டுகளை எடுத்துப் போனார். அவர் போன பிறகு அவளுக்குக் குளிர் எடுத்தது. "வந்துட்டார் நம்ம விருந்தாளி," என்று சொல்லிப் போர்வையை இழுத்துக்கொண்டாள். நான் பால் கொடுத்தேன். இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்துக் குடித்தாள்.

காலையில் காய்ச்சல் போகவில்லை. படுக்கையில் உட்கார்ந்து, முன்னால் குனிந்து, ஏணிமேல் ஏறிவந்தவள்போல் மூச்சு வாங்கினாள். உதடு நிறம் மாறியிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்து, "காலையில போயிடும்னியே?" என்றான். கோபமாக இல்லை. கெஞ்சுவதுபோல் கேட்டான்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் கேட்டார். "என்ன வேலை செஞ்சாங்க? எதையாவது சுவாசிச்சாங்களா?" அண்ணன் என் பக்கம் கையைக் காட்டினான். அங்கே ஒரு நர்ஸ் இருந்தாள், பக்கத்துப் படுக்கைக்காரியின் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"துத்தநாகப் புகை," என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு என்ன தோன்றியதோ, ஆக்ஸிஜன் முகமூடி மாட்டியிருந்த அண்ணியிடம் குனிந்து கேட்டார். "அந்தப் புகை என்ன நிறத்துல இருந்துச்சும்மா?"

அண்ணி அவரைப் பார்க்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்ற என்னைப் பார்த்தாள். மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொண்டு சொன்னாள்.

"வெள்ளைதான்."

அவள் அதற்குமேல் அதிகம் பேசவில்லை. மறுநாள் இறந்துபோனாள். நான் சரியான பெயரைச் சொல்லியிருந்தால் மருத்துவர் வேறு ஏதாவது செய்திருக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயற்சி செய்யவும் இல்லை. அவள் ஏன் வெள்ளை என்று சொன்னாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததை நம்பித் தன் கண்ணையே ஒதுக்கிவிட்டாளா, அல்லது இத்தனை பேர் முன்னால் நான் தலைகுனியக் கூடாது என்று சொன்னாளா? தூங்கப் போகும்போது ஒன்று, எழும்போது ஒன்று தோன்றுகிறது. எதுவாக இருந்தாலும் எனக்கு முகத்தை வைத்துக்கொள்ள இடமில்லை. குழந்தை என்னோடுதான் படுக்கிறது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறது.

பிறகு நீங்கள் வந்தீர்கள். ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் என் துணி போகாத இடத்திலிருந்து பழுப்புத் தூளைச் சுரண்டி எடுத்துப் போனீர்கள். அண்ணனை அழைத்து வந்தீர்கள். என்னை நீங்கள் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் மட்டும் கேட்டீர்கள்.

அண்ணனை விட்டுவிடுங்கள். அவன் செய்ததெல்லாம் என் பேச்சை நம்பியதுதான்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று சொன்னேன் அல்லவா? அதை அடித்துவிடுங்கள். அண்ணி கேட்டாள்.

அன்றைக்கு ஜன்னலைச் சாத்திய பிறகு, பால் காய்ந்ததும் ஒரு தம்ளரில் ஊற்றிக்கொண்டு பின்னறைக் கதவருகே போனேன். உள்ளே விளக்கு வெளிச்சமே பழுப்பாக இருந்தது. நான் வாசற்படியைத் தாண்டவில்லை. மூக்கைத் துணியால் பொத்தியிருந்தேன். அவள் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"இங்க வா புரொபசர், இந்த ஜன்னல் கண்ணாடியப் பாரு. எவ்வளவு நேரமா கவனிக்கறேன், ஆறியும் வெள்ளையாகல. ஏன்? இது வேற ஏதாவதா? இந்தப் புகையில ஒண்ணுமில்லையே?"

அவ்வளவு தெளிவாகக் கேட்டாள். நான் சொல்லிக்கொடுத்ததை வைத்தே கேட்டாள். அங்கே ஆண்கள் யாரும் இல்லை, அண்ணன் இல்லை, நானும் அவளும்தான். அவளிடம் எனக்கு எப்போதும் பேச்சு வரும். அன்றைக்கும் வந்தது.

"மழை வர்ற காத்து அண்ணி, ஈரம். அதனால வெளுக்க நேரம் எடுக்குது. நாளைக்கு வெள்ளையாயிடும்."

"அதானே பாத்தேன்," என்று சொல்லிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். நான் பாலை வாசற்படியில் வைத்துவிட்டு, குழந்தை உள்ளே போய்விடக் கூடாதே என்று கதவை இழுத்துச் சாத்தினேன்.

அவள் அப்படிக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்ல கேள்வி அது. பதில் தெரிந்த ஒருத்தியிடம் கேட்டாள். அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேனே, அந்தக் கொஞ்ச நேரம் எனக்குக் கூச்சமே இல்லை.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டீர்களா? எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ, இத்தனை பேர் உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறீர்கள், தொடங்கியதிலிருந்து ஒரு தடவைகூட என் நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. அண்ணி கடைசி வரிசையில் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.